தடித்த கையுறை துவக்குக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மான் வேட்டைப் பருவத்தையொட்டித் தங்கள் பத்திரிகையில் வந்த குளிர்கால வேட்டைக் கட்டுரையை வாசித்தோம். உரிமம், செம்மஞ்சள் மேலாடை, வாகனத்தில் துவக்கைக் கொண்டுபோகும் முறை எல்லாம் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. கைகளைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி: கிடைப்பதில் மிகத் தடித்த கையுறையை வாங்கி அணியுங்கள் என்று. வாசல் பனி தள்ளப் போகிறவருக்கு அது நல்ல புத்தி. துவக்குப் பிடிக்கிறவருக்கு அது ஆபத்தான புத்தி. ஒன்ராறியோவில் நம்மவர்கள் பலர் இப்போது உரிமம் எடுத்து நவம்பர் தொடக்கத்து மான் வேட்டைக்கும், அதன் பிறகு முயல், கொயோட்டி வேட்டைக்கும், வெளிச் சுடுதிடல்களுக்கும் போகிறார்கள். அதனால் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், கையுறையை வெப்பமானியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது; உங்கள் துவக்கின் விசையையும் அதைச் சுற்றியிருக்கும் காப்பு வளையத்தையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வளையத்துக்குள் அடங்காத சூட்டை வேறு வழியில் தேடிக்கொள்ளலாம்.

மான் வேட்டைக்குப் பயன்படும் றைபிள்களின் விசை பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கிலோ வரையான இழுவையில் விடுபடும். அதற்குள் விசை நகரும் தூரம் மிகச் சிறிது. அந்தச் சிறு அசைவை உணர்வது சுட்டுவிரல் நுனியின் உட்பக்கச் சதை. அதற்கும் விசைக்கும் நடுவே மூன்று நான்கு மில்லிமீற்றர் பஞ்சு இருந்தால் விரல் முதலில் அழுத்துவது பஞ்சைத்தான். பஞ்சு எங்கே அமுங்கி முடிந்தது, விசை எங்கே நகரத் தொடங்கியது என்பது சுடுபவருக்குத் தெரியாது. வெடிச்சத்தம் கேட்ட பிறகுதான் தெரியும்.

இதைவிட மோசமானது விரல் வளையத்துக்குள் நுழையும் வேளை. வெறும் விரல் உள்ளே போனால் விசைக்கு முன்னால் இடம் மிச்சம் இருக்கும். ஸ்கீ கையுறை போட்ட விரல் அந்த இடத்தை நிரப்பிவிடும். சுடும் எண்ணமே இல்லாமல் விரலை உள்ளே வைத்தவரின் கையுறை மடிப்பு விசையைப் பின்னால் தள்ளும். பாதுகாப்புப் பொத்தானும் அந்த நேரத்தில் எடுபட்டிருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. விரலை வெளியே எடுக்கும்போதும் இதே கதைதான்: விரல் வந்துவிடும், கையுறையின் வெறும் நுனி வளையத்துக்குள் சிக்கி நிற்கும்.

துவக்கு இயங்கும் முறையைப் பொறுத்து இந்தச் சிக்கல் வேறு வேறு வடிவம் எடுக்கும். அரைத் தானியங்கியில் (அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துவக்கு) ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு விசை முன்னால் திரும்பி வந்தாக வேண்டும். தடித்த விரல் வழியை அடைத்து நின்றால் அது முழுதாகத் திரும்பாது. அடுத்த முறை இழுத்தால் ஒன்றும் நடக்காது. அவசரத்தில் இருப்பவர் துவக்கு பழுது என்று நினைத்து அதைத் திருப்பிப் பார்க்கப் போவார், குழல் வாய் எந்தப் பக்கம் போகிறது என்று பாராமல். முன்பிடியைப் பின்னும் முன்னும் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ஷொட்கன்களில் இன்னொரு பொறி உண்டு. இன்றைய மொடல்களில் விசையை விட்டுவிட்டு மறுபடி இழுத்தால்தான் வெடிக்கும். ஆனால் வின்செஸ்டர் மொடல் 12, பழைய இதாக்கா 37 போன்றவற்றில் அந்தத் தடை கிடையாது. விசை பின்னால் அமுங்கியிருக்கும் நிலையில் பம்பை முன்னால் தள்ளினால், தோட்டா அறை மூடியதுமே வெடிக்கும். இந்தத் துவக்குகள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்கியவர் இதை அறிந்திருக்க வேண்டும். கையில் தடித்த கையுறையோடு இருந்தால் இரட்டிப்பாக அறிந்திருக்க வேண்டும்.

ரெமிங்டன் 870 போன்ற துவக்குகளில் பாதுகாப்புப் பொத்தான் விசைக்கு நேர் பின்னால், அதே வளையத்தோடு ஒட்டி இருக்கிறது. மெல்லிய விரலால் அதை அழுத்தினால் 'கிளிக்' என்பது விரலிலேயே தெரியும். தடித்த விரலுக்கு அது தெரியாது; தெரியவில்லையே என்று இன்னும் பலமாக அழுத்தும்போது விரல் வழுக்கி முன்னால் விசைக்குப் போகும். பொத்தான் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கையால் நம்பாமல், சிவப்பு வளையம் தெரிகிறதா (தெரிந்தால் துவக்கு சுடத் தயார்) என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யப் பழக வேண்டும். மொஸ்பேர்க் 500இல் பொத்தான் மேலே, கட்டைவிரல் படும் இடத்தில் இருப்பதால் இந்த விடயத்தில் அது குளிருக்குத் தோதானது.

நெம்பு இழுக்கும் றைபிள்கள் (வின்செஸ்டர் 94, மார்லின் 336 போன்றவை) தனி வகை. நெம்பின் வளையத்துக்குள் மூன்று விரல்கள் கையுறையோடு புக வேண்டும். புகாவிட்டால் முழு வீச்சும் கிடைக்காது, தோட்டா பாதியில் நிற்கும். பெரிய வளையம் உள்ள நெம்பு தனியாகக் கிடைக்கிறது. உண்மையான ஆபத்து வெளியே தெரியும் சுத்தியலில் இருக்கிறது. சுடாமல் விட்ட பிறகு சுத்தியலைக் கட்டைவிரலால் மெல்ல இறக்குவார்கள். குளிரில் விறைத்த விரலும் வழுக்கும் துணியும் சேர்ந்தால் சுத்தியல் கையை விட்டு விழும். இதைக் கையுறையோடு செய்யவே கூடாது. கையுறையைக் கழற்றி, குழல் வாயை நிலத்தின் பாதுகாப்பான பக்கம் வைத்துச் செய்யுங்கள். தொலைநோக்கி பூட்டியிருந்தால் சுத்தியலுக்குப் பக்கவாட்டு நீட்சி ஒன்று பூட்டிக்கொள்வது இன்னும் நல்லது.

இராணுவங்கள் இதை எப்படித் தீர்த்தன என்று பார்த்தால் நமக்கு ஒரு பாடம் கிடைக்கும். கனடியப் படையின் வடபகுதிப் பகுதிநேரப் பிரிவினரான கனடிய ரேஞ்சர்கள் நெடுங்காலம் வைத்திருந்த லீ-என்ஃபீல்டு றைபிளுக்குப் பதிலாக இப்போது ஏந்துவது கிச்சினரில் உள்ள கோல்ட் கனடா தயாரித்த சி19 றைபிள். அதன் விசை வளையமும் போல்ட் பிடியும் கையுறைக் கைக்காகவே பெரிதாக்கப்பட்டவை. எம்16 குடும்பத்துத் துவக்குகளில் விசை வளையத்தின் அடிப்பகுதியைக் கீல் போலத் திறந்து கீழே மடிக்கலாம். அதுவும் குளிர்நாட்டு மிற்றனுக்காகத்தான் (நான்கு விரலும் ஒரே பைக்குள் போகும் கையுறை). அதாவது அங்கே கையுறைக்கு ஏற்பத் துவக்கை மாற்றினார்கள். கடையில் வாங்கும் சாதாரண வேட்டைத் துவக்கில் அந்த வசதி கிடையாது. ஆகவே துவக்குக்கு ஏற்பக் கையுறையை மாற்றுவதுதான் நமக்குள்ள வழி. வளையத்தை அரத்தால் அராவிப் பெரிதாக்குவது, வளைத்துவிடுவது போன்ற வேலைகளில் யாரும் இறங்க வேண்டாம்.

சரி, தேர்வு எப்படி? முதலில் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று. தோட்டாக்கள் எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். பாதுகாப்புப் பயிற்சியில் படித்தபடி குழல் வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்து, துவக்கின் தோட்டா அறை, மகசின், தோட்டா போகும் பாதை, குழல் நான்கையும் வெறும் கையால், வெளிச்சத்தில் பார்த்து உறுதிசெய்யுங்கள். அறைக்குள் பயிற்சித் தோட்டா ஒன்றைப் போடுங்கள்; .22 போன்ற விளிம்புத் தோட்டாத் துவக்குகளை வெற்றறையில் வெடிக்கவிட்டால் ஊசியும் அறை விளிம்பும் கெடும். பிறகு துவக்கைச் சுடுநிலைக்குக் கொண்டுவந்து, பாதுகாப்புப் பொத்தானை விலக்கி, கையுறை போட்ட சுட்டுவிரலைத் துவக்கின் பக்கத்திலிருந்து வளையத்துக்குள் கொண்டுபோய், விசையைத் தொடாமல் மறுபடி வெளியே எடுங்கள். பத்துத் தடவை. கையைப் பார்க்காமல், நேரே குறியைப் பார்த்தபடி. ஒரு தடவை 'கிளிக்' கேட்டாலும் அந்தக் கையுறை அந்தத் துவக்குக்கு ஆகாது. எவ்வளவு விலை கொடுத்ததாக இருந்தாலும் சரி.

இரண்டாவது சோதனை கடையிலேயே செய்யலாம். கையுறையைப் போட்டுக்கொண்டு மேசையில் கிடக்கும் பத்துச் சதக் காசை எடுங்கள். ஓரத்துக்கு இழுத்து எடுக்கக் கூடாது, கிடந்த இடத்திலேயே எடுக்க வேண்டும். இதைச் செய்ய முடிந்தால் விசையையும் உணர முடியும். முடியாவிட்டால் அது வெளிக் கையுறையாக மட்டுமே பயன்படும்.

அளவு எடுப்பதில் நம்மவர்கள் பெரும்பாலும் தவறுவது, 'குளிருக்குக் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்' என்பதில்தான். கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் மூட்டுகளின் மேலாக உள்ளங்கையைச் சுற்றி அங்குல நாடாவால் அளந்து பாருங்கள். வரும் எண்தான் கையுறை அளவு: 8 என்றால் நடுத்தரம், 9 பெரிது, 10 மிகப் பெரிது. இரண்டு அளவுக்கு நடுவே வந்தால் விசைக் கைக்குச் சிறியதை எடுங்கள். சுட்டுவிரல் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வெற்றிடம் இருக்கக் கூடாது. அந்த வெற்று நுனிதான் வளையத்தில் மடங்குவது. ஆனால் இறுக்கமாகவும் இருக்கக் கூடாது. இறுகினால் இரத்தம் ஓடாது, பஞ்சுக்குள் காற்றும் நிற்காது. புதுக் கையுறையிலும் விரல் குளிரும். தையல் எங்கே போகிறது என்று உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். நுனியில் விசை படும் இடத்துக்குக் குறுக்கே தடித்த தையல் ஓடினால் வாங்க வேண்டாம். பெண்களுக்கு ஆண்களின் சிறிய அளவு பெரும்பாலும் சரிவராது. உள்ளங்கை பொருந்தும், விரல்கள் நீண்டுவிடும்.

அடுத்து, இரண்டு கையும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. வலக்கைக்காரருக்கு வலக்கை விசையைத் தொடுகிறது, பொத்தானை அழுத்துகிறது, தோட்டாவை எடுக்கிறது. இடக்கை துவக்கைத் தாங்குகிறது, அவ்வளவுதான். எனவே இரண்டுக்கும் ஒரே கையுறை போட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. தாங்கும் கையில் தடித்ததைப் போடுங்கள், மிற்றனே போட்டாலும் குற்றமில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள்: உள்ளங்கையில் தோலோ இறப்பர்ப் புள்ளிகளோ இருக்க வேண்டும். வழவழப்பான கம்பளித் துணி, ஈரப் பிளாஸ்டிக் முன்பிடியில் வழுக்கும். பம்ப் ஷொட்கனில் இப்படி வழுக்கினால் இழுவை பாதியில் நின்று, பழைய கோது வெளியே வராமல் புதுத் தோட்டாவோடு மோதி அடைத்துக்கொள்ளும். விசைக் கைக்கு மெல்லியது. கையுறையை இழந்தால் சோடி குலைந்துவிடும் என்று கவலைப்படுகிறவர்கள் இரண்டு சோடியாக வாங்கி மாற்றிப் பயன்படுத்தலாம். இடக்கைக்காரர் ஒருவரோடு பங்கு போட்டால் செலவும் பாதி.

இனி அடுக்குகள். உள்ளே, தோலோடு ஒட்டினாற்போல் ஒரு மெல்லிய உள் கையுறை: மெரினோ கம்பளி, பட்டு, அல்லது பொலிப்புரொப்பிலீன். அதன் மேல் விசைக் கைக்கு ஆட்டுத்தோல் அல்லது மான்தோல் கையுறை, பஞ்சு இல்லாமல், அல்லது புறங்கையில் மட்டும் பஞ்சு வைத்தது. எல்லாவற்றுக்கும் வெளியே, தளர்வான பெரிய மிற்றன். மிற்றனுக்குள் நான்கு விரல்களும் ஒன்றையொன்று சூடாக்கும். காற்றுப் படும் பரப்பும் குறைவு. அதனால்தான் ஒரே தடிப்பில் உள்ள கையுறையைவிட மிற்றன் எப்போதும் சூடானது. காத்திருக்கும் நேரம் முழுவதும் கை மிற்றனுக்குள். மான் வந்தால் விசைக் கையின் மிற்றனை மட்டும் ஓசையின்றி உதறி விடவேண்டும். அதற்காகத்தான் அது தளர்வாக இருக்க வேண்டும் என்கிறோம். கீழே விழாமலிருக்க, சின்னப் பிள்ளைகளுக்குச் செய்வதுபோல, இரண்டு மிற்றனையும் ஒரு கயிற்றில் கோத்து ஜக்கெற் கைகளுக்குள்ளால் விட்டுக்கொள்ளுங்கள். கயிறு உள்ளே இருக்க வேண்டும். மணிக்கட்டில் வெளியே தொங்கும் கயிறும் இறுக்கு நாடாவும் விசையில் மாட்டக்கூடியவை. கையுறையில் இருந்தால் வெட்டி எறியுங்கள்.

நுனி மடிந்து பின்னால் காந்தத்தில் ஒட்டும் மிற்றன்களும் கிடைக்கின்றன. பூச்சியம் முதல் கழித்தல் 10 பாகை வரைக்கும் அவை வசதியானவை. அதற்குக் கீழே போனால் மடிப்பின் வாய் வழியாகக் காற்று ஏறும். வாங்கும்போது மடித்த நுனி புறங்கையில் உறுதியாக ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். ஆடிக்கொண்டிருந்தால் குறிபார்க்கும் நேரத்தில் முன்னால் விழுந்து தொலைக்கும். சுட்டுவிரலுக்கு மட்டும் தனி அறை வைத்த மிற்றன் இராணுவ உபரிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அது பெரிய வளையமுள்ள துவக்குக்கு வெட்டப்பட்டது. நம் துவக்கில் அதைத் தாங்கும் கைக்கு மட்டும் போடலாம்.

கையுறையின் சுட்டுவிரல் நுனியை வெட்டிவிடலாமா என்று பலர் கேட்பார்கள். வெட்டலாம், ஆனால் முழு நுனியையும் அல்ல. விசை படும் உட்பக்கத்தில் மட்டும் குறுக்கே ஒரு வெட்டு, முதல் கணுவுக்குச் சற்று மேலே. தேவைப்படும்போது விரல் அதன் வழியே வெளியே வரும். மற்ற நேரம் உள்ளே போய்விடும். ஃப்ளீஸ் துணி வெட்டினால் இழை பிரியாது. பின்னிய கம்பளி பிரியும், ஓரத்தை ஊசி நூலால் சுற்றித் தைக்க வேண்டும். நீர்புகா உறை வைத்த கையுறையை வெட்டினால் அது வீணாகிவிடும்.

பொருள்களைப் பற்றி: பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் குளிரை இழுத்துக் கையோடு வைத்திருக்கும். கம்பளி ஈரத்திலும் ஓரளவு சூடு தரும். மான்தோல் நனைந்து காய்ந்த பிறகும் மிருதுவாகவே இருக்கும்; மாட்டுத்தோல் விறைத்துப்போகும். தின்சுலேட் போன்ற பஞ்சுகளில் 40, 100, 150 என்று அச்சிட்டிருப்பது ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்பது. விசைக் கைக்கு 40ஐத் தாண்ட வேண்டாம். 100க்கு மேற்பட்டது வெளி மிற்றனுக்கு. இதில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: பஞ்சு எவ்வளவு இருந்தாலும் உள்ளங்கைப் பக்கம் துவக்கை இறுக்கிப் பிடிக்கும்போது அமுங்கிப் பயனற்றுப் போகிறது. உலோகத்தின் குளிர் அந்த இடத்தால்தான் ஏறும். ஆகவே தடிப்பைப் புறங்கையில் தேடுங்கள். நீர்புகா உறை வைத்தவற்றில் ஒரு தொல்லை உண்டு. வியர்த்த கையை வெளியே எடுக்கும்போது உள்துணியும் சேர்ந்து புறம் திரும்பி வரும். மறுபடி விரல் விரலாக உள்ளே தள்ளுவதற்குள் மான் போய்விடும். உள்துணி நுனியில் ஒட்டித் தைக்கப்பட்டிருக்கிறதா என்று கடையில் இழுத்துப் பாருங்கள். தாரா வேட்டைக்காரருக்கு மட்டும் நியோப்ரீன் பொருந்தும். அவர்களுக்கும் எங்கள் யோசனை, பொம்மைத் தாராக்களைத் தண்ணீரில் வைக்கவும் எடுக்கவும் முழங்கை வரையான இறப்பர்க் கையுறை ஒன்று, சுடுவதற்கு உலர்ந்த கையுறை வேறொன்று.

குளிரின் அளவைக் கணிப்பதில் காற்றையும் சேர்க்க வேண்டும். கழித்தல் 10 பாகையில் மணிக்கு 20 கிலோமீற்றர் காற்று அடித்தால் உணர்வு கழித்தல் 18. கழித்தல் 15இல் 30 கிலோமீற்றர் காற்றென்றால் கழித்தல் 26. உணர்குளிர் கழித்தல் 28ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்பது கனடிய சுற்றுச்சூழல் திணைக்களத்தின் எச்சரிக்கை. ஆனால் துவக்குக்காரர் அதற்கு வெகு முன்பே கவனமாக வேண்டும். விரல் தோலின் வெப்பம் ஏறத்தாழ 15 பாகைக்குக் கீழே இறங்கும்போதே நுட்பமான விரல் வேலை தடுமாறும். 8 பாகையளவில் தொடுவுணர்வு மங்கிவிடும். வலி நின்றுவிட்டது, கை பழகிவிட்டது என்று நினைக்கும் அந்தக் கட்டத்தில்தான் விரலுக்கு விசை தெரியாது. அப்போது செய்ய வேண்டியது தோட்டாவை எடுத்துவிட்டுக் கையைச் சூடாக்குவது. பயத்லொன் என்ற பனிச்சறுக்குச் சூட்டுப் போட்டியில் கழித்தல் 20 பாகைக்குக் கீழே போட்டியே நடத்துவதில்லை. அங்கே விசையின் இழுவை அரைக் கிலோவுக்குக் குறையக் கூடாது என்றும் விதி. தேர்ந்த விளையாட்டு வீரர்களுக்கே எல்லை வைத்திருக்கும்போது, மரத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நாம் அதைத் தாண்டிப் போய் என்ன சாதிக்கப்போகிறோம்?

கையின் சூடு கையில் உண்டாவதில்லை, நெஞ்சிலிருந்து வருகிறது. உடம்பு குளிர்ந்தால் முதலில் இரத்தம் நிறுத்தப்படுவது விரல்களுக்குத்தான். தலை, கழுத்து, மணிக்கட்டு மூன்றையும் மூடியவருக்கு மெல்லிய கையுறை போதும்; மூடாதவருக்கு எந்தக் கையுறையும் போதாது. மணிக்கட்டில் நாடிகள் தோலுக்கு அருகே ஓடுவதால், பழைய கம்பளிக் காலுறையின் மேற்பகுதியை வெட்டிக் காப்புப் போல் போட்டுக்கொண்டாலே வித்தியாசம் தெரியும். காட்டுக்குள் நடந்து போகும்போது உள் கையுறை மட்டும் போதும். வியர்வையில் நனைந்த கையுறையோடு விடிவதற்கு அரை மணி முன்பிருந்தே ஆடாமல் உட்கார்ந்தால் ஏழு மணிக்குள் கை விறைத்துவிடும். உலர்ந்த சோடி ஒன்றை நெகிழிப் பையில் போட்டு உள் பொக்கெற்றில் கொண்டுபோய், இடத்துக்குப் போனதும் மாற்றுங்கள்.

இரும்புத்தூள் சூட்டுப் பைகள் மலிவானவை, நல்லவை. அவை காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து சூடாவதால், காற்றே புகாதபடி அடைத்தால் ஆறிப்போகும். உள்ளங்கையில் வைத்தால் துவக்குப் பிடிக்கத் தடை. புறங்கையிலோ மணிக்கட்டின் உட்பக்கமோ, உள் கையுறைக்கு மேலே வையுங்கள். வெறும் தோலில் நேரே வைத்தால் சுடும். இடுப்பில் கட்டும் குழாய் வடிவப் பை ஒன்றுக்குள் இரண்டு சூட்டுப் பைகளைப் போட்டு, மெல்லிய கையுறையோடு கைகளை உள்ளே விட்டுக்கொள்வது எல்லா வழிகளிலும் சிறந்தது என்பது எங்கள் முடிவு. விரலும் சூடு, விசையும் தெரியும். மின்கலக் கையுறைகளை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. விரல் தடிப்பும் மணிக்கட்டில் மின்கலப் பாரமும் சேர்கின்றன. குளிரில் மின்கலமும் சீக்கிரம் இறங்கும்.

தோட்டா ஏற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. குழாய் மகசினுக்குள் 12 கேஜ் தோட்டாவைக் கட்டைவிரலால் தள்ளும்போது தளர்ந்த கையுறை நுனி தோட்டாத் தகட்டில் அகப்படும். மகசின் கழற்றும் றைபிள் என்றால் அதை வீட்டிலேயே நிரப்பிவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாகனத்தில் போகும்போது துவக்கில் பூட்டக் கூடாது, ஒன்ராறியோவில் அது தோட்டா ஏற்றிய துவக்காகவே கொள்ளப்படும். குழல் வாய் வழியாக மருந்து போடும் வாய்வழித் துவக்குக்காரர்கள் சிறு வெடிமூடியைக் கையுறையால் எடுக்கப் பார்க்காமல், அதற்கென்றுள்ள ஏற்றியைப் பயன்படுத்துங்கள். தோட்டா அறை வெறுமையா என்று பார்ப்பது மட்டும் எப்போதும் மேல் கையுறையைக் கழற்றிவிட்டுத்தான். கழித்தல் 15, 20இல் வெறும் விரல் உலோகத்தில் ஒட்டும் என்பதால் மெல்லிய உள் கையுறை கையிலேயே இருக்கட்டும். துவக்குச் சுத்திகரிப்புத் திரவம் அந்தக் குளிரில் வெறும் கையில் பட்டால் தோலை உறையவைத்துவிடும். அந்த வேலை வீட்டில்.

நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம். நரம்பு பாதித்து விரல் நுனி உணர்வு ஏற்கெனவே குறைந்தவர்கள் எந்தக் கையுறையையும் நம்ப வேண்டாம். முதலில் சூடான அறையில் வெறும் விரலால் அந்தக் காசைக் கண்மூடி எடுத்துப் பாருங்கள். குளிரில் விரல்கள் வெள்ளையாகி மரத்துப்போகிறவர்களும், இரத்த அழுத்தத்துக்கு பீற்றா தடுப்பு மாத்திரை எடுக்கிறவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. விரல் உறைந்துவிட்டால் தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது அறவே கூடாது. மறுபடி உறையும் வாய்ப்பு இல்லாத இடத்துக்கு வந்த பிறகு, 37 முதல் 39 பாகை வெதுநீரில் வைத்து மருத்துவமனைக்குப் போங்கள்.

நனைந்த கையுறையை ஹீற்றரின் மேலோ அடுப்பருகிலோ வைத்துக் காயவிட்டால் தோல் வெடிக்கும், ஒட்டுப் பசை இளகும். உள்ளே பத்திரிகைக் கடுதாசியைச் சுருட்டித் திணித்து, அறைச் சூட்டில் விடுங்கள். கடைசியாக, ஈயம். சுடும்போது வெளிப்படும் ஈயத் தூள் முதலில் படிவது கையுறையில்தான். அதைப் பல்லால் கடித்துக் கழற்றக் கூடாது. அந்தக் கையோடு தேநீரும் வடையும் கூடாது. வீட்டுக்குக் கொண்டுவரும்போது தனிப் பையில் கட்டி, பிள்ளைகளின் மிற்றன்கள் கிடக்கும் கூடையில் போடாமல் வேறாக வையுங்கள். துணிக் கையுறைகளை மற்ற உடுப்புகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். தோல் கையுறையை ஈரத் துணியால் துடைத்து, துடைத்த துணியை எறிந்துவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இப்படிக்கு,
ரொறன்ரோ பெரும்பாகத்தில் துவக்குப் பாதுகாப்புப் பயிற்சியில் ஈடுபட்டுள்ள சில தமிழர்கள்